பழைய போர் விமானங்களின் சாகசக் காட்சி: ஆபத்து எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானமோ, ஐம்பதுகளில் வந்த ஜெட்டோ ஒரு காட்சியில் விழுந்தால், "அந்த ஓட்டை விமானத்தை யார் பறக்கச் சொன்னது?" என்று கேட்கிறோம். விசாரணை அறிக்கை வர ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் கேட்டவர் மறந்துவிடுவார். அந்த அறிக்கைகளில் என்ன இருக்கிறது என்பதை வைத்து இந்தப் பதில்கள்.

விமானம் பழசு என்பதால்தானே விழுகிறது?

அதுவும் உண்டு. ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. இந்த நூற்றாண்டில் அதிகம் பேசப்பட்ட மூன்று விபத்துகளை எடுத்துக்கொள்வோம்: 2011-ல் அமெரிக்காவின் ரீனோ, 2015-ல் இங்கிலாந்தின் ஷோரம், 2022-ல் அமெரிக்காவின் டாலஸ். மூன்றிலும் விமானங்கள் பழையவை. ஆனால் பழைய பாகம் ஒன்று கைவிட்டதால் நடந்தது ரீனோ மட்டும்தான். ஷோரமில் விமானம் கடைசிவரை ஒழுங்காகவே பறந்தது. டாலஸில் இரண்டு விமானங்களும் நன்றாகவே பறந்துகொண்டிருந்தபோது ஒன்றன்மேல் ஒன்று மோதின.

ஆகவே "விமானத்துக்கு எத்தனை வயது?" என்பதை விட, எவ்வளவு தாழ்வாகப் பறக்கப் போகிறது, கீழே யார் இருக்கிறார்கள், முன்கூட்டியே யார் திட்டம் போட்டார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும்.

ஷோரமில் என்னதான் நடந்தது?

2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை பிற்பகல். விமானம் 1955-ல் கட்டப்பட்ட ஹாக்கர் ஹன்டர், இரண்டு இருக்கை ஜெட். ஓட்டியவர் அனுபவசாலி. மொத்தம் 14,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் ஹன்டரில் அவர் பறந்தது ஐம்பது மணி நேரம்கூட இல்லை.

அவர் செய்ய வந்தது சற்றே வளைந்து போகும் ஒரு குட்டிக்கரணம். தாழ்வாக வந்து, மூக்கைத் தூக்கி நேர்மேலே ஏறி, உச்சியில் தலைகீழாகி, மறுபக்கம் இறங்கி வர வேண்டும். இதற்குத் தேவையானது உள்ளே நுழையும்போது இருக்கும் வேகம். ஊஞ்சலை அரைமனதாகத் தள்ளினால் அது பாதி உயரத்திலேயே திரும்பிவிடும் இல்லையா, அது மாதிரி. ஹன்டருக்கு 350 நாட் வேகமாவது வேண்டும், மணிக்கு சுமார் 650 கிலோமீட்டர். அன்று இருந்தது சுமார் 310 நாட். ஏறும்போது எஞ்சினுக்கும் முழு விசை கொடுக்கப்படவில்லை. சாகசத்துக்கு அவருக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரம் 500 அடி. அவர் தொடங்கியது சுமார் 185 அடியில். உச்சியில் 3,500 அடியாவது இருக்க வேண்டும். இருந்தது சுமார் 2,700 அடி.

இந்த 800 அடி பற்றாக்குறைதான் எல்லாம். கீழே இறங்கும் வளைவுக்கு இடம் போதாது என்பது உச்சியிலேயே முடிவாகிவிட்டது. ஆனால் அங்கேயும் ஒரு வழி இருந்தது. உச்சியைத் தாண்டி நான்கு விநாடிகள் வரைகூட, விமானத்தை உருட்டி நிமிர்த்தி, குட்டிக்கரணத்தைக் கைவிட்டுப் பறந்துபோயிருக்கலாம் என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைக் கிளை கணக்கிட்டது. ஹன்டரில் அப்படித் தப்பிக்கும் முறையில் அந்த விமானிக்கு முறையான பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. யாரும் சோதித்துப் பார்த்திருக்கவும் இல்லை.

இன்னொன்றையும் விசாரணை கவனித்தது. அவர் ஜெட் ப்ரோவோஸ்ட் என்ற வேறொரு பயிற்சி விமானத்திலும் சாகசம் செய்பவர். அந்த விமானத்துக்கு உரிய வேகமும் உயரமும் மனதில் வந்துவிட்டதோ என்ற சாத்தியத்தை அறிக்கை சொல்கிறது. உறுதியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒரே வார இறுதியில் இரண்டு மூன்று வகை விமானம் ஓட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

விமானம் விழுந்த இடம் ஏ27 நெடுஞ்சாலை. 11 பேர் இறந்தார்கள். விமானி பலத்த காயத்தோடு பிழைத்தார்.

இறந்தவர்கள் காட்சி பார்க்க வந்தவர்களா?

டிக்கெட் வாங்கி மைதானத்துக்குள் இருந்தவர்களில் யாரும் இறக்கவில்லை. கால்பந்து ஆடப் போய்க்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், மணப்பெண்ணை அழைத்துவரக் காரோடு கிளம்பிய ஓட்டுநர், சைக்கிளில் வந்தவர்கள் என்று சாலையில் இருந்தவர்கள்தான் இறந்தார்கள். அந்த இடத்தில் சிக்னல் உண்டு, வண்டிகள் நிற்கும். வெளியிலிருந்தே வேடிக்கை பார்க்கவும் சிலர் அங்கே கூடியிருந்தார்கள்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். விமானி தெரிந்தே ஆபத்தை ஏற்கிறார். டிக்கெட் வாங்கியவருக்கும் ஓரளவு தெரியும். சிக்னலில் நிற்கிறவரை யாரும் கேட்கவே இல்லை. பிரிட்டனில் 1952-க்குப் பிறகு ஷோரம் வரை இத்தகைய காட்சிகளில் பொதுமக்கள் யாரும் இறந்ததில்லை. அந்த நல்ல பதிவே, வேலிக்கு வெளியே இருப்பவர்களை யாரும் கணக்கில் எடுக்காமல் போகக் காரணமாகியிருக்கும் என்பது என் ஊகம். பொதுமக்களைக் காக்க வைத்திருந்த ஏற்பாடுகள் பலனளிக்கவில்லை என்று அறிக்கையும் சொன்னது.

விமானி தண்டிக்கப்பட்டாரா?

இல்லை. 2019 மார்ச்சில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பறக்கும்போது தன் சிந்தனைத் திறன் பாதிக்கப்பட்டிருந்தது என்பது அவர் தரப்பு வாதம். 2022 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று முடிவு சொன்னார். இரண்டும் முரண்போலத் தெரியும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், மரண விசாரணைக்கு அந்த அளவு தேவையில்லை.

1952-ல் என்ன நடந்தது?

ஃபார்ன்பரோ காட்சி, செப்டம்பர் 6. டி ஹாவிலண்ட் 110 என்ற புத்தம்புது ஜெட் வானிலேயே உடைந்து, அதன் எஞ்சின் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். ஓடுபாதையைச் சுத்தம் செய்த பிறகு அன்றைய காட்சி தொடர்ந்து நடந்தது. அடுத்து ஏறியது நெவில் டியூக் ஓட்டிய ஹாக்கர் ஹன்டர். ஆம், பின்னாளில் ஷோரமில் விழுந்த அதே ரகம், அப்போது புதுசு.

கூட்டத்தை நோக்கிப் பறக்காதே, கூட்டத்தின் மேல் பறக்காதே, தூரத்தில் நில் என்ற விதிகள் அந்த விபத்துக்குப் பிறகுதான் பிரிட்டனில் இறுகின. மற்ற நாடுகளுக்கு இது உறைக்க இன்னும் காலம் பிடித்தது. 1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் மூன்று ஜெட்டுகள் மோதி, ஒன்று கூட்டத்தை நோக்கியே பாய்ந்தது. 70 பேர் இறந்தார்கள். அவையும் பழைய விமானங்கள் அல்ல.

"காட்சிக் கோடு" என்கிறார்களே, அது என்ன?

கூட்டத்துக்கு இணையாக, இவ்வளவு தூரத்தில் என்று தரையில் குறிக்கப்படும் கோடு. விமானி அதைத் தாண்டிக் கூட்டத்தின் பக்கம் வரக் கூடாது. அமெரிக்காவில் விமானத்தின் வேகத்தைப் பொறுத்து மூன்று தூரங்கள்: 500 அடி, 1,000 அடி, 1,500 அடி. வேகம் கூடக் கூடத் தூரமும் கூடும். உடைந்தாலும் துண்டுகள் கூட்டத்தை எட்டக் கூடாது என்பதுதான் கணக்கு. இந்தக் கோடு வேலிக்குள் இருப்பவர்களுக்கு நல்ல பாதுகாப்பு. விமானங்கள் திரும்பி வரும் பின்பக்கத்தில் இருக்கும் வீடு, சாலை, கடைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

டாலஸில் இரண்டு விமானங்கள் எப்படி மோதின? பட்டப்பகலில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லையா?

2022 நவம்பர் 12. 'டெக்சாஸ் ரெய்டர்ஸ்' என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தில் ஐந்து பேர், பி-63 கிங்கோப்ரா சண்டை விமானத்தில் ஒருவர். ஆறு பேரும் இறந்துவிட்டார்கள். தரையில் யாருக்கும் காயமில்லை.

நடந்தது இப்படி. குண்டுவீச்சு விமானங்கள் ஒரு வரிசை, சண்டை விமானங்கள் மூன்று இன்னொரு வரிசை. காட்சியை வானொலியில் நடத்துகிற ஆளுக்கு ஏர் பாஸ் என்று பெயர். சண்டை விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, குண்டுவீச்சு விமானங்களை முந்தி, 500 அடிக் கோட்டுப் பக்கம் போக வேண்டும் என்றும், குண்டுவீச்சு விமானங்கள் 1,000 அடிக் கோட்டில் வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். கவனியுங்கள், இந்த 500, 1,000 எல்லாம் கூட்டத்திலிருந்து தூரம், உயரம் அல்ல. யார் எந்த உயரத்தில் பறப்பது என்று கிளம்புமுன் நடந்த கூட்டத்திலும் பேசப்படவில்லை, மேலே போன பிறகும் சொல்லப்படவில்லை.

சண்டை விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களின் பாதையைக் குறுக்கே கடந்துதான் தங்கள் கோட்டுக்கு வர வேண்டியிருந்தது. மூன்றாவதாக வந்த பி-63, இடப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டே பின்னாலிருந்து பி-17-ஐ நெருங்கியது. சாய்ந்து திரும்பும் விமானத்தில் சொந்த இறக்கையும் மூக்குமே பார்வையை மறைக்கும். விமானியின் கண் முன்னால் போகும் தன் குழுத் தலைவரின் விமானத்தைத் தேடிக்கொண்டிருக்கும். பி-17-ல் இருப்பவர்களுக்கோ பின்னாலிருந்து வருவது தெரிய வழியில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அன்றைய காட்சியே நின்றது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் இறுதி அறிக்கை 2024 டிசம்பரில் வந்தது. விமானங்களைப் பிரித்து வைக்க முன்கூட்டியே பேசி முடித்த திட்டம் இல்லாததுதான் மூல காரணம் என்றது. ஏர் பாஸ்களுக்கு அரசு விமானத் துறை போதிய வழிகாட்டுதல் தரவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டது.

மற்ற விபத்துகளைப் படித்தால் வருத்தம் வரும். இதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. "சண்டை விமானங்கள் இந்த உயரத்துக்கு மேலே, மற்றவை இதற்குக் கீழே" என்று காலையில் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம். அதற்குப் பணமோ உதிரிப் பாகமோ வேண்டாம்.

அப்படியானால் ரீனோவில் மட்டும் பாகம் பழுதா?

ஆம். ரீனோவில் நடந்தது சாகசக் காட்சி அல்ல, தாழ்வாகப் பறக்கும் பந்தயம். ஆனால் பார்வையாளர்களுக்கு ஆபத்து ஒன்றுதான். 2011 செப்டம்பர் 16 அன்று 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற பி-51 மஸ்டாங், மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 74 வயது ஜிம்மி லீவர்ட் ஓட்டினார். வேகத்துக்காக இறக்கையைக் குறுக்கி, குளிரூட்டும் அமைப்பையே மாற்றி, பலவிதமாகத் திருத்தப்பட்ட விமானம். அந்தத் திருத்தங்கள் எல்லாம் முறையாகப் பதிவாகவோ சோதிக்கப்படவோ இல்லை.

விமானத்தின் வாலில் டிரிம் டேப் என்று ஒரு சின்னத் தகடு உண்டு. விமானி ஸ்டிக்கைச் சதா பிடித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லாமல் மூக்கைச் சமநிலையில் வைக்க உதவுவது. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களுக்குத் தானாக இறுகும் நட்டு போடுவார்கள். நட்டுக்குள் இருக்கும் வளையம்தான் மரையைக் கவ்விப் பிடிக்கும். பழசாகித் தேய்ந்தால் கவ்வாது. இங்கே அந்த வளையங்கள் நைந்துபோயிருந்தன. ஸ்க்ரூக்கள் தளர்ந்தன, ஒன்றில் விரிசல் வேறு. தகடு அதிர ஆரம்பித்து உடைந்தது. விமானம் திடீரென்று மேல்நோக்கித் துள்ளிய வேகத்தில் புவியீர்ப்பைப் போல 17 மடங்கு விசை. விமானி ஒரு விநாடிக்குள் செயலிழந்திருப்பார். விமானம் இருக்கைகள் போட்டிருந்த பகுதியில் விழுந்தது. அவரோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

விமானத்திலேயே மலிவான பொருள்களில் ஒன்று அந்த நட்டு.

பழைய உலோகம் களைத்துப் போவது பற்றிக் கவலையே வேண்டாமா?

வேண்டும். 2023-ல் அமெரிக்க விமானத் துறை பி-17 விமானங்களின் இறக்கை இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லி உத்தரவிட்டது, பறந்துகொண்டிருந்த சிலவும் தரையிறக்கப்பட்டன. மொத்தம் 12,731 கட்டப்பட்ட ரகம் அது. இன்று பறக்கக் கூடியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரிட்டனின் கடைசி பறக்கும் வல்கன் குண்டுவீச்சு விமானம் 2015-ல் நின்றதற்குக் காரணம் விபத்து அல்ல. அதற்குத் தொழில்நுட்ப ஆதரவு தந்த நிறுவனங்கள், இந்த வயதில் இனி பொறுப்பேற்க முடியாது என்று விலகிக்கொண்டன. இப்படி நிறுத்துவது செய்தியாகாது, ஆனால் பாதுகாப்பு என்றால் இதுதான்.

விமானிகளுக்குத் தனி அனுமதி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் தாழ்வுயர சாகசத்துக்குத் தனி அட்டை. புதியவர் 800 அடியில் தொடங்கி, அனுபவம் கூடக் கூட 500, 250 என்று இறங்கி, கடைசியில் உயரக் கட்டுப்பாடே இல்லாத நிலைக்கு வரலாம். பிரிட்டனில் காட்சி அனுமதி என்று தனியாக வாங்க வேண்டும். ஷோரமுக்குப் பிறகு அங்கே விதிகள் கடுமையாகின. பழைய ஜெட்டுகள் நிலத்தின் மேல் குட்டிக்கரணம் அடிக்கக் கூடாது, நேராகப் பறந்து காட்டிவிட்டுப் போகலாம் என்ற அளவுக்குக் கட்டுப்படுத்தினார்கள். ஷோரம் காட்சி அதன்பின் நடக்கவே இல்லை.

எஜெக்ஷன் சீட் (ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசுவது) இருந்தால் கவலையில்லைதானே?

விமானிக்கு மட்டும். 2023 ஆகஸ்டில் மிச்சிகனில் மிக்-23 என்ற பழைய சோவியத் ஜெட் ஒன்றுக்கு எஞ்சின் விசை குறைந்தது. விமானி என்னவென்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்தவர் வெளியேறும் பிடியை இழுக்க, இருவரும் பாராசூட்டில் தப்பினார்கள். ஆளில்லாத விமானம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். ஸ்பிட்ஃபயர், பி-51 போன்றவற்றுக்கு இந்த சீட்டே கிடையாது.

பழைய விமானத்தில் பணம் கட்டிப் பயணம் போகலாமா?

போகிறார்கள். ஆனால் பயணிகள் விமான நிறுவனம் தருகிற அளவுக்குப் பாதுகாப்பை எதிர்பார்க்கக் கூடாது. 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் 1939-ல் கட்டிய யுங்கர்ஸ் 52 விமானம் மலையில் மோதி, உள்ளே இருந்த 20 பேரும் இறந்தார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் ஆபத்தான தாழ்வில் பறந்ததுதான் காரணம். இடிபாட்டில் துருவும் விரிசலும் கண்டுபிடித்தார்கள், ஆனால் விபத்துக்குக் காரணம் அவை அல்ல. 2019 அக்டோபரில் கனெக்டிகட்டில் ஒரு பி-17 எஞ்சின் கோளாறோடு திரும்பி வந்து தரையிறங்கும்போது மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதில் விமானி வேகத்தைக் கையாண்ட விதமும் குற்றம், பராமரிப்பும் குற்றம். அந்த அமைப்பு பயணிகளை ஏற்றும் அனுமதியை அரசு ரத்து செய்தது.

கடல் மேல் நடத்தினால் ஆபத்து தீர்ந்துவிடுமா?

பெரும்பகுதி தீரும். 2021 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் கோகோ கடற்கரையில் அவெஞ்சர் என்ற போர்க்கால விமானம் ஒன்று எஞ்சின் விசை இழந்து, குளிப்பவர்களைத் தாண்டி ஆழம் குறைந்த தண்ணீரில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. அதே விமானம் ஊருக்கு மேல் இருந்திருந்தால் இறங்க இடம் தேட வேண்டியிருக்கும்.

2024 அக்டோபர் 6-ல் சென்னை மெரினாவில் விமானப்படை நடத்திய காட்சியும் கடல் மேல்தான். பழைய டகோட்டா சரக்கு விமானமும் ஹார்வர்டு பயிற்சி விமானமும் அதில் பறந்தன. வானத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கூடிய லட்சக்கணக்கான மக்களில் ஐந்து பேர் இறந்தார்கள். காலை முதலே மணலில் வெயில், தண்ணீர் கிடைக்காத தவிப்பு, முடிந்ததும் ரயிலுக்கும் சாலைக்கும் ஒரே நேரத்தில் பாய்ந்த கூட்டம். காட்சிப் பாதுகாப்பு என்றால் வானத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இதெல்லாம் எதற்கு? அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டால் போச்சே?

கேள்வி நியாயம்தான். என் பதில்: பறக்கட்டும், ஆனால் குட்டிக்கரணம் அடிக்க வேண்டியதில்லை. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் உறுமலைக் கேட்க வருகிறவருக்கு, அது ஓடுபாதையின் மேல் சாய்ந்து ஒரு சுற்று வந்தாலே மனம் நிறைந்துவிடும். தாழ்வாகத் தலைகீழாகச் சுற்றும் சாகசத்தை அதற்கென்றே கட்டிய நவீன சாகச விமானங்களிடம் விட்டுவிடலாம். ஆர்வலர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

நான் பார்க்கப் போகிறேன். எங்கே நிற்பது?

வேலிக்கு உள்ளே, கூட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில். டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க ஓடுபாதை முனையிலோ, விமானங்கள் திரும்பி வரும் பாதைக்குக் கீழே உள்ள சாலையிலோ நிற்காதீர்கள். அங்கே காட்சி நன்றாகத் தெரிவதற்குக் காரணமே விமானம் உங்கள் தலைக்கு மேலே வருவதுதான். காரில் கடந்து போகிறீர்கள் என்றால் வேடிக்கை பார்க்க ஓரம் கட்டாமல் போய்விடுங்கள். உள்ளே போனதும் வெளியேறும் வழி எது, முதலுதவிக் கூடாரம் எங்கே என்று ஒரு கண் பார்த்து வையுங்கள். தொப்பியும், நினைத்ததை விட இரண்டு மடங்கு தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் காதடைப்பான். அப்புறம், காட்சி முடிந்த உடனே எல்லோரோடும் சேர்ந்து ஓடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு கிளம்புங்கள்.